வலது கீழ் மூலை

ஜன்னலோரம் நீங்களே வெச்சுக்கங்க தம்பி. நான் இந்தப் பக்கமே உக்காந்துக்கிறேன், பெட்டி நடுவுல நிக்கட்டும். முழங்கால்ல இடிக்கலையே? இடிச்சா சொல்லுங்க. இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுட்டாரு கண்டக்டரு. ஏன்யா, இது என்ன தண்ணி கேக்குதா, வாந்தி எடுக்குதா, விருதுநகர் வந்துருச்சான்னு நச்சரிக்குதான்னு கேட்டேன். "இடத்தை அடைக்குதுல்ல அண்ணாச்சி"ங்கிறாரு. இடத்தை அடைக்கிறதுக்கெல்லாம் டிக்கெட்டுன்னா எங்க தெருவுல பாதிப் பேரு வெளிய தலைகாட்ட முடியாது.

இல்ல இல்ல, திருப்பாதீங்க. எழுத்து இருக்கிற பக்கம் உங்க பக்கமே இருக்கட்டும். எங்க ஆபீஸ்ல இருந்த பொண்ணு பெட்டி மேல என்னமோ பேனாவுல கிறுக்கி வெச்சிருக்கா. பெட்டியில கிறுக்கல் இருந்தா கம்பெனிக்காரன் நொட்டை சொல்லுவான்னு சொன்னாங்க. அதனால அங்க போனதும் அந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி வெச்சிருவேன். என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கலை. கோந்து வாங்கணும், பேப்பர் வாங்கணும்னு எழுதியிருப்பா. அவ கையில பேனா இருந்தா எது மேலயாவது எழுதியே ஆகணும்.

மானிட்டர் தம்பி. கம்ப்யூட்டர் மானிட்டர், இருபத்தேழு இஞ்சு. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். சர்வீஸ் சென்டர் மதுரையிலதான் இருக்காம். விக்கிறவன் நம்ம வாசல்லயே நிப்பான், சரி பண்ணுறவன் மட்டும் எழுபது கிலோமீட்டர் தள்ளித்தான் இருப்பான்.

என் பேரு வேலுத்தங்கம். சிவகாசியில ஆப்செட் பிரஸ் வெச்சிருக்கேன். சின்ன பிரஸ்தான். காலண்டர், லேபிள், சாமி படம். முப்பத்தாறு வருஷமா இதே மை வாசம்தான். முருகன் முகத்துல மஞ்சள் ஒரு துளி கூடிப்போச்சுன்னா பத்தடி தள்ளி நின்னே சொல்லிருவேன். மத்தவனெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பான். எனக்குக் கண்ணே போதும். இந்த வயசுலயும் மூக்குக்கண்ணாடி கிடையாது, பாத்துக்கங்க. அது என்ன ஊரு தம்பி, போர்டுல போட்டிருக்கானே? திருத்தங்கலா? ஆமா ஆமா, திருத்தங்கல்தான். தெரியும். வெயில் மூஞ்சியில அடிக்குது, அதான் கேட்டேன்.

விஷயத்துக்கு வாரேன். எங்ககிட்ட டிசைன் பண்ணுறது ஜெபமலருன்னு ஒரு பொண்ணு. பண்ணுனது. பதினோரு வருஷம் இருந்தா. டிப்ளமா முடிச்ச கையோட வந்தா, அவ கல்யாணப் பத்திரிகையையே எங்க கம்ப்யூட்டர்லதான் பண்ணுனா. நல்லா வேலை பாப்பா, அதைச் சொல்லணும்ல. எங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில கிடந்த வருஷம் நான் பிரஸ் பக்கமே போகலை. அந்த சீசன் காலண்டர் அம்புட்டும் அவதான் பாத்து அனுப்புனா. ஆனா ஒரு கெட்ட குணம். எதுக்கெடுத்தாலும் சந்தேகம். எதையும் ரெண்டு தடவை பாக்கணும். சாயங்காலம் நாலு மணிக்கு நான் டீ குடிக்க ரோட்டைத் தாண்டினா, அவளும் கூடவே வருவா. டீ குடிக்க மாட்டா தம்பி! சும்மா கூட வந்து நிப்பா, திரும்பக் கூடவே வருவா. வேலையைத் தட்டிக்கழிக்க அதுவும் ஒரு சாக்கு. நானும் பெரிய மனசு பண்ணி ஒண்ணும் கேக்கலை.

அவதான் புது மானிட்டர் கேட்டா. பழசுல செவப்பு செத்துப்போச்சாம். ஒரு துண்டுச் சீட்டுல என்னமோ நம்பர் எழுதிக் குடுத்தா, அச்சு வேலைக்குன்னே தனியா வருதாம், அதைத்தான் வாங்கணுமாம். நான் கடைக்குப் போனேன். அவ கேட்டது ஒரு மூலையில மூக்கொழுகுன பிள்ளை மாதிரி இருக்கு, சின்னதா, இருபத்திநாலு இஞ்சு. பக்கத்துல இது நிக்கிது. இருபத்தேழு இஞ்சு, பின்னால கலர் கலரா லைட்டு எரியுது, கல்யாண மண்டபம் தோத்துரும். "அண்ணாச்சி, இது கேம் விளையாடுறவங்க வாங்குறது"ன்னான் கடைக்காரன். விளையாடுறவனுக்கும் வேலை பாக்குறவனுக்கும் கண்ணு வேற வேறயாய்யான்னு கேட்டேன். தூக்கிட்டு வந்துட்டேன்.

கொண்டாந்து மேசையில வெச்சுப் போட்டா, ஒரு நிமிசம் திரை கருப்பா நிக்கும்ல, அப்பவே குனிஞ்சு பாக்குறா. "அண்ணாச்சி, வலது பக்கம் கீழ் மூலையில வெளிச்சம் கசியுது"ங்கிறா. வெளிச்சம் வரணும்னுதானம்மா வாங்குனோம், இருட்டு வரணும்னா வாங்காமலே இருந்திருக்கலாமேன்னு சொன்னேன். மிஷின் ஓட்டுறவங்க, பைண்டிங் பண்ணுறவங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவ மட்டும் சிரிக்கலை. நகைச்சுவை உணர்ச்சி கம்மி.

மறுநாளும் சொன்னா. அதுக்கு மறுநாளும் சொன்னா. என்னமோ தாளு ஒண்ணைக் கொண்டாந்து "கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி, மாத்திக் குடுத்துருவாங்க"ன்னா. அன்னிக்குத் தீப்பெட்டி லேபிள் வேலை தலைக்கு மேல இருக்கு. புது மாப்பிள்ளையை மறுவீட்டுக்கு முன்னாலயே திருப்பி அனுப்பச் சொல்லுறியேம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பிச்சா பாருங்க. மூலையில எதையாவது திருத்தணும்னா படத்தையே நடுவுக்கு இழுப்பா. இழுத்துப் பாப்பா, திருத்துவா, திரும்ப மூலைக்குத் தள்ளுவா. திரும்ப இழுப்பா. தொட்டில் ஆட்டுற மாதிரி நாள் பூரா படத்தை ஆட்டிக்கிட்டே இருப்பா. பின்னால உக்காந்து பாத்தா எனக்குத் தலை சுத்தும்.

விருதுநகர் தாண்டிட்டோமா? சரி. இனிமேதான் கதையே.

ஒட்டன்சத்திரத்துல ரெங்கசாமின்னு ஒருத்தரு, காய்கறி மண்டி வெச்சிருக்காரு. வருஷா வருஷம் காலண்டர் நம்மகிட்டதான். அவரு மட்டும் இல்ல, அவரு சொல்லி ஒரு ஊரே நம்மகிட்ட அடிக்கும். அவங்க அப்பா இறந்து முதலாமாண்டு நினைவுநாள் வந்துச்சு. வர்றவங்களுக்கெல்லாம் ஒரு படம் குடுக்கணும்னு ஆசைப்பட்டாரு. நடுவுல பெருசா முருகன், வலது பக்கம் கீழ் மூலையில அவங்க அப்பா கும்பிட்ட மாதிரி. எங்க வருது பாருங்க, வலது கீழ் மூலை! இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எத்தனை மூலை இருக்கு, சரியா அங்க வந்து நிக்கிறாரு அந்த மனுசன்.

ஜெபமலரு பண்ணி முடிச்சிட்டு "பாருங்க அண்ணாச்சி"ன்னா. பாத்தேன். முருகன் ஜம்முனு இருக்காரு. பெரியவரு முகம் மட்டும் சாம்பல் பூசுன மாதிரி வெளிறிக் கிடக்கு. என்னம்மா இது, திருநீறை நெத்தியில பூசச் சொன்னா முகம் பூராப் பூசிட்டியான்னேன். "படம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி, திரைதான் வெளுப்பாக் காட்டுது, நடுவுல இழுத்துக் காட்டுறேன்"னு மவுஸைத் தொட்டா. அந்த ஆட்டமே வேண்டாம், இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், கருப்பை ஏத்துன்னேன். ஏத்துனா. இன்னும்னேன். ஏத்துனா. இன்னும் கொஞ்சம். "அண்ணாச்சி, கருப்பு எம்புட்டுன்னு நம்பரைப் பாருங்க, இதுக்கு மேல போனா முகம் மையில அடைஞ்சுரும்"ங்கிறா. நம்பரையா சுவத்துல மாட்டப் போறாங்க? படத்தைத்தானே மாட்டப் போறாங்க? கண்ணால பாக்குறவனுக்கு எதுக்கும்மா நம்பருன்னேன். அஞ்சு தடவை ஏத்தினதுக்கு அப்புறம்தான் பெரியவரு மனுசரானாரு.

"ஒரே ஒரு ப்ரூஃப் எடுத்துப் பாத்துருவோம் அண்ணாச்சி"ன்னா. அதாவது தம்பி, மொத்தமா அச்சடிக்கிறதுக்கு முன்னால மாதிரிக்கு ஒண்ணு எடுத்துப் பாக்குறது. அது எங்க வழக்கம்தான், இல்லைங்கலை. ஆனா இம்புட்டுப் பெரிய திரையில, பின்னால உக்காந்து, நான் என் கண்ணால பாத்திருக்கேன். அதுக்கப்புறம் ப்ரூஃப் எதுக்கு? மிஷின் சும்மா நிக்குது, ஏத்துன்னுட்டேன். ரெண்டாயிரம் தாளு. அச்சடிக்கும்போதே மிஷின்காரன் ஒண்ணை எடுத்துக் காட்டுனான். எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. என்ன, வெள்ளைதான் கொஞ்சம் மஞ்சளா இருந்துச்சு. அது இப்ப ரெண்டு வருஷமாவே அப்படித்தான், பேப்பர்காரன் மட்டமான தாளா அனுப்புறான். ட்யூப்லைட்டும் அப்படித்தான் வருது, எதைப் போட்டாலும் சுத்தி ஒரு வளையம் கட்டுது. எதுலயும் தரம் இல்லாமப் போச்சு தம்பி.

நாலு நாள் கழிச்சு ரெங்கசாமி வந்தாரு. வண்டியை நிறுத்திட்டுக் கட்டோட கொண்டாந்து என் மேசை மேல வெச்சாரு. சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தாத் தேவலை. "அண்ணாச்சி, அம்மாகிட்ட முதல் படத்தைக் காட்டுனேன். முருகனைக் கும்பிட்டுட்டு, கீழ யாருடா இதுன்னு கேட்டுச்சு"ன்னாரு. நாப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துன அம்மா. யாருடா இதுன்னு கேட்டுருக்கு. நான் ஒரு தாளை எடுத்து வாசப்பக்கம் வெயில்ல கொண்டுபோய்ப் பாத்தேன். வேட்டி சட்டை இருக்கு, கும்பிட்ட கை இருக்கு, முகம் இருக்கிற இடத்துல ஒரு கருப்பு உருண்டை இருக்கு.

எனக்கு உயிரே போயிருச்சு. என்ன சொல்லுறது? பிரஸ் பூரா நின்னு பாக்குது. நினைவுநாளுக்கு ரெண்டே நாள் இருக்கு. "நம்ம பொண்ணு கலர்ல தப்புப் பண்ணிருச்சு ரெங்கசாமி"ன்னேன். சொன்னா என்ன தப்பு? கம்ப்யூட்டர்ல கை வெச்சது யாரு, நானா? மவுஸ் அவ கையில இருந்துச்சா, என் கையில இருந்துச்சா? "பதினோரு வருஷமாகியும் கருப்பு எது, முகம் எதுன்னு தெரியலை"ன்னும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

அவ ஒரு வார்த்தை பேசலை தம்பி. தப்பு பண்ணாதவளா இருந்தா எதுத்துப் பேசியிருக்க வேண்டாமா? என் மூஞ்சியைப் பாத்தா, ரெங்கசாமி மூஞ்சியைப் பாத்தா, திரும்பி கம்ப்யூட்டர்ல உக்காந்தா. அஞ்சே நிமிசத்துல வேற ஒரு ஃபைலை எடுத்தா. நான் கருப்பு ஏத்தச் சொன்னேன்ல, அதுக்கு முன்னால இருந்த படத்தை அப்படியே தனியா எடுத்து வெச்சிருந்திருக்கா! இது எப்படி இருக்கு? என்னை நம்பலைன்னுதானே அர்த்தம்? ஒரு ப்ரூஃப் போட்டா, ரெங்கசாமிகிட்ட நேராக் கொண்டுபோய்க் குடுத்தா. அந்த மனுசன் அதைப் பாத்துட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. "அப்பா சிரிக்கிறது தெரியுது"ன்னாரு. சாயங்காலத்துக்குள்ள ரெண்டாயிரமும் அடிச்சு, கட்டி, வண்டியில ஏத்தி அனுப்பிட்டா.

அதுக்கப்புறம் அவ டிபன் டப்பாவை எடுத்தா, மவுஸுக்கு அடியில போடுற அட்டை அவளோடது, அதை எடுத்தா. மானிட்டர் வந்த காலிப்பெட்டி மேசைக்கு அடியில கிடந்துச்சு. அது பக்கத்துல குத்தவெச்சு உக்காந்து என்னமோ எழுதிக்கிட்டு இருந்தா. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். "வாரேன் அண்ணாச்சி"ன்னா. சரின்னேன். மறுநாள் வருவான்னுதான் நினைச்சேன். வரலை. அதுக்கு மறுநாள் கேள்விப்படுறேன், எதுத்த பிரஸ்ல வர்ற திங்கக்கிழமையில இருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்களாம். எதுத்த பிரஸ்னா, ரோட்டுக்கு அந்தப் பக்கம். என் மேசையில உக்காந்தா அவங்க வாசல்தான் தெரியும்.

போனா போகட்டும், நமக்கென்னன்னு நானே உக்காந்தேன். அவ என்ன தப்புப் பண்ணுனான்னு கண்டுபிடிச்சுக் காட்டணும்ல? கருப்பு ஏத்துன படத்தைத் திறந்தேன். மூலையில பெரியவரு முகம் நல்லாத்தான் இருக்கு. அட, என்னடா இதுன்னு மவுஸைத் தொட்டேன், கை தவறிப் படம் நடுவுக்கு வந்துருச்சு. முகம் கருப்பாயிருச்சு! மூலைக்குத் தள்ளுனேன், மனுசராயிட்டாரு. நடுவுக்கு இழுத்தேன், கருப்பு. கால் மணி நேரம் அவரை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தேன். பைண்டிங் பொண்ணுங்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. அதுங்களுக்கு என்ன தெரியும்.

கம்ப்யூட்டர் கடைக்காரனைக் கேட்டா, திரையைக் கருப்பாக்கிட்டு ரூமை இருட்டாக்கிப் பாருங்கன்னான். பட்டப்பகல்ல பிரஸ்ல எங்க இருக்கு இருட்டு? எல்லாப் பக்கமும் ஜன்னல். அப்பத்தான் அந்த வீணாப்போன ரெண்டாயிரம் தாளு ஞாபகம் வந்துச்சு. எடுத்து ஜன்னல் கண்ணாடி பூரா ஒட்டுனேன். வரிசையா முருகன், வரிசையா கருப்பு உருண்டை. இருட்டுனதும் திரையைப் பாத்தேன் தம்பி. வலது கீழ் மூலையில, கதவிடுக்குல லைட் தெரியுமே, அந்த மாதிரி வெள்ளையா வழியுது. அவ சொன்ன அதே மூலை. ஒரு இஞ்சு தள்ளியாவது இருந்திருக்கலாம்.

அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு. அப்ப தப்பு என் மேல இல்லை, மானிட்டர் மேல! சரி, அவ மேலயும் இல்லைன்னே வெச்சுக்கங்க. ரெண்டு பேரையும் கம்பெனிக்காரன்தான் ஏமாத்தியிருக்கான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒண்ணை அமுக்கு, மூணை அமுக்கு, அரை மணி நேரம் பாட்டுக் கேளு. அப்புறம் ஒரு பிள்ளை, குரல்ல தேன் வடியுது. "சார், இந்த மாதிரித் திரையில ஓரத்துல லேசா வெளிச்சம் வர்றது சகஜம் சார்." ஏம்மா, நான் அடிச்ச படத்துல முருகனுக்கு ஒரு காது இல்லைன்னா, சகஜம் சார்னு சொன்னா வாங்கிக்குவாங்களா? "புரியுது சார், உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார்." அது மட்டுமா? திரையில புள்ளி புள்ளியா இருக்காம்ல, அதுல அஞ்சு புள்ளி வரைக்கும் செத்துப்போகலாமாம், கண்டுக்க மாட்டாங்களாம். ஆறாவது செத்தாத்தான் துக்கம் கேக்க வருவாங்களாம். கடைக்காரன் ஒரு வைத்தியம் சொன்னான், பின்னால திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திட்டு, மெல்லிசுத் துணியால ஓரத்தைத் தடவிக் குடுங்க, சரியாகும்னு. பச்சப்பிள்ளைக்குத் தைலம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சேன். அந்த மூலை அப்படியே இருக்கு, பக்கத்துல புதுசா ஒரு வெள்ளைத் திட்டு வந்துருச்சு. குடும்பம் பெருகிருச்சு.

இன்னொண்ணு கேளுங்க. திரும்பப் போன் போட்டப்ப அந்தத் தேன்குரலு, "சார், இந்த மானிட்டருக்கு ஜூன் மாசமே புகார் பதிவாகியிருக்கு. கொண்டுவரச் சொன்னோம், உங்க பக்கம் யாரும் வரலை, அதனால முடிச்சிட்டோம்"ங்குது. எப்படி இருக்கு கதை? நான் எப்பம்மா புகார் குடுத்தேன்? சுத்தப் பொய். கம்பெனிக்காரன் வாயைத் திறந்தாப் பொய்.

அதான் நேர்லயே போறேன். சண்டை போட்டாவது மாத்தி வாங்கிட்டுத்தான் திரும்புவேன். நாளைக்குக் கொண்டுபோய் அவ மேசை மேல வெச்சிருவேன். சேதி அவ காதுக்குப் போகும், எதுத்த பிரஸ்தானே. திங்கக்கிழமை வண்டியை அங்க நிறுத்துறவ இங்க நிறுத்திருவா. அவகிட்டப் பேசுனீங்களான்னா கேக்குறீங்க? நான் எதுக்குத் தம்பி பேசணும்? மானிட்டரு பண்ணுன தப்புக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? மானிட்டரை மாத்துறேன், அம்புட்டுத்தான்.

ஆனா ஒண்ணு. அவ வரலைன்னா எனக்குக் கஷ்டம்தான். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடணும். அதைப் பாத்துத்தான் ஏஜெண்டுங்க ஆர்டர் குடுப்பாங்க. நாப்பது டிசைன் வேணும், பன்னெண்டுதான் முடிஞ்சிருக்கு. ரெங்கசாமி போன் பண்ணி, "அந்தப் பொண்ணு பண்ணுனதா இருந்தா ஆல்பம் அனுப்புங்க அண்ணாச்சி, இல்லைன்னா வேண்டாம்"னுட்டாரு. ஆல்பம் கூடப் போகட்டும் தம்பி. பதினோரு வருஷமா அவ வண்டிச் சத்தம் கேட்டுத்தான் நான் ஷட்டரைத் தூக்குவேன். அந்த வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறதை நான் தினமும் பாக்கணும்ல. இந்த ஒரு வாரமா நான் டீ குடிக்கவே போகலை. என்னமோ, பிடிக்கலை. முந்தாநேத்து மட்டும் போனேன், ஒரு ஆட்டோக்காரன் இடிக்கிற மாதிரி வந்துட்டான். ஹாரன் அடிக்காம வர்றாங்க இப்பல்லாம்.

என்ன தம்பி, கள்ளிக்குடியில இருந்தே பாக்குறேன், நீங்க என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்குறீங்க. பெட்டியவே பாத்துக்கிட்டு வர்றீங்க. அப்படி என்ன எழுதியிருக்கு? கோந்தா, பேப்பரா? சத்தமாத்தான் வாசிங்களேன், நானும் கேக்குறேன்.

'ஜூன் ஒன்பது. வலது கீழ் மூலையில் வெளிச்சம் கசிகிறது. அண்ணாச்சியிடம் சொன்னேன்.' ம். சொன்னா. சிரிச்சோம்ல.

'ஜூன் பதினொன்று. கம்பெனிக்குப் போன் பண்ணிப் புகார் எண் வாங்கியாச்சு. இருபதாம் தேதிக்குள் கொண்டுபோனால் மாற்றித் தருவார்கள். அண்ணாச்சி கையெழுத்து வேண்டும்.' ஓ, புகார் குடுத்தது இவளா! எண்ணும் போட்டிருக்காளா? பாருங்க, அந்த எண்ணு போதும், இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிருவேன். மேல படிங்க.

'அண்ணாச்சி கையெழுத்துப் போடவில்லை.' சரி. அடுத்தது.

என்ன, நிறுத்திட்டீங்க? கீழ இன்னும் இருக்கா? அவ போன அன்னிக்கு எழுதுனதா? படிங்க தம்பி, பரவாயில்ல. என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பா. திட்டுனா என்ன, உறைக்கவா போகுது?

'இனி இந்த மேசையில் வேலை பார்க்க வருகிறவருக்கு. மூலையில் எதைத் திருத்தினாலும் படத்தை நடுவுக்கு இழுத்துப் பார்க்கவும். அண்ணாச்சி திருத்தச் சொல்வதற்கு முன்னால் இருக்கிற ஃபைலைத் தனியாக எடுத்து வைக்கவும்.' ம்.

'அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு வருஷமாக வெள்ளை எல்லாம் அவருக்கு மஞ்சளாகத் தெரிகிறது. மஞ்சளைக் குறைக்கச் சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு, குறைக்காமல் விட்டுவிடவும். கோபப்படுவார். மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்.'

படிங்க.

'நாலு மணிக்கு டீ குடிக்கப் போவார். வண்டி வருவது சரியாகத் தெரியாது. ரோட்டைத் தாண்டும்போது கூடப் போகவும்.'

அம்புட்டுத்தானா.

இல்ல தம்பி, ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். திருமங்கலம் வந்துருச்சா? நான் வெளிய பாத்துக்கிட்டுத்தான் வாரேன், வந்துச்சா இல்லையான்னு சொல்லத் தெரியலை.

ஒரு உதவி பண்ணுங்க. இந்தாங்க என் போனு. அவ நம்பரு எனக்கு மனப்பாடம், நான் சொல்லுறேன், நீங்க அமுக்குங்க. பேரு தேட வேண்டாம், நானே எப்பவும் தேட மாட்டேன், எழுத்து பொடிப்பொடியா இருக்கு. போட்டாச்சா? குடுங்க.

அலோ. ஏம்மா, அண்ணாச்சிதான். இல்ல, பிரஸ்ல இல்ல, பஸ்ல இருக்கேன், மதுரைக்கு வாரேன். மானிட்டரை மாத்த. அதில்லம்மா. நீ பெட்டியில எழுதி வெச்சிருந்தியே, அதை வாசிச்சேன்.

இல்ல. நான் வாசிக்கலை. பக்கத்துல ஒரு தம்பி வாசிச்சுச் சொன்னாரு. எனக்குக் கண்ணு தெரியலைம்மா.